கனமரமும் நரம்பிசையும்

இசைக்கருவிக்கு மரந்தேர்வதிற் கனமே சிறப்பென்று கொள்வார் உளர். அது முழுதும் பொருந்துவதன்று. கருவி ஒலிக்கும் முறைக்கேற்பவே கனம் அமைதல் வேண்டும்.

1951இல் லியோ பெண்டர் வெளியிட்ட மின் பாஸ் கித்தாரில், நான்கு கம்பிகளின் அதிர்வைக் காந்தச்சுருளே மின்னலையாக்குகிறது. ஆண்டு மரம் பாட வேண்டுவதில்லை. அசையாது தாங்கினாற் போதும். கனமும் விறைப்பும் மிக்க கட்டை கம்பியின் ஆற்றலைக் குறைவாகவே கவர்தலின், நாதம் நெடிது நிற்கும். எனினும், அளவிறந்த கனம் சுமப்போன் தோளை வருத்தும்.

தஞ்சாவூர் வீணையோ தன் குடத்தாலேயே ஒலிப்பது. அதன் மரம் தாங்கவும் வேண்டும், பாடவும் வேண்டும். நீரில் அமிழும் கருங்காலியினும் இடைத்தரக் கனமுடைய பலாவே இதற்கு ஏற்றதாயிற்று.

மாத்தளை மாவட்டத்துப் பலாபத்வலப் பகுதியின் தோட்டங்களிலும் பலா வளர்கிறது. கண்டிய நடனத்திற்குரிய கெட்டபெரய முழவும் அம்மரத்தாற் செய்யப்படுவதுண்டு. ஆயினும், இலங்கையிற் பலா பஞ்சகாலத்துச் சோறாகவும் விளங்கிய மரம். 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி அனுமதியின்றி அதனை வெட்டலாகாது. ஆதலின், கருவி செய்வோன் முதற்கண் நாடத்தக்கவை பழைய வீடுகளினின்று கழித்த விட்டங்களும் தூண்களுமே. பல்லாண்டு உலர்ந்த அவை எளிதிற் கோணா; இசைக்காகக் காய்க்கும் மரமொன்று வீழவும் வேண்டா.