கேட்போரின் இசை

சூபி ஞானியர் தம் இசைக்கு இட்ட பெயர் பாடுதலைக் குறிப்பதன்று, கேட்டலைக் குறிப்பது. ‘சமா’ என்னும் அரபுச் சொல்லுக்குச் செவிமடுத்தல் என்பதே பொருள். பாடுபவர் கூலி பெற்றுப் பாடலாம். கேட்பவரே அங்கே வழிபாடு செய்பவர். கேள்விக்கென ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவரைப் பயின்ற நமக்கு இது முற்றும் புதிய கருத்தன்று. எனினும், செவிப்புலனையே இறைவனை அடையும் வாயிலாகக் கொண்டது இவர்தம் தனிச்சிறப்பு. 1111ஆம் ஆண்டிற் காலமான இமாம் கஸ்ஸாலி, இசை கேட்பதற்குத் தக்க காலம், தக்க இடம், தக்க தோழர் ஆகிய மூன்றும் வேண்டும் என்ற முன்னோர் வாக்கை எடுத்தோதி விளக்கியுள்ளார். நேயர்கள் இம்மூன்றையும் நினைவில் இருத்துதல் நன்று. பிற்காலத்தில் இவை ஒவ்வொன்றாய் நழுவியதை இனிக் காணப்போகிறோம்.

இந்நெறியை இந்தியாவில் வளர்த்தவர்கள் சிஷ்தி மரபினர். அம்மரபிலே டில்லியில் வாழ்ந்து 1325இல் மறைந்த நிஜாமுத்தீன் அவுலியாவும், அதே ஆண்டில் அவரைப் பின்தொடர்ந்து மறைந்த மாணவர் அமீர் குஸ்ருவும் கவ்வாலி இசையோடு என்றும் சேர்த்தே எண்ணப்படுகின்றனர். ‘கவ்ல்’ என்றால் வாக்கு. வாக்கை எடுத்துரைப்பவர் கவ்வால். ஆகவே பெயரிலேயே சொல்லுக்கு முதலிடம் அமைந்துவிட்டது.

தர்காவில் நடைபெறும் கவ்வாலி, கச்சேரி போன்றதன்று. தலைமைப் பாடகர் ஓர் அடியைத் தொடங்க, உடனிருப்போர் கைதட்டித் தாளமிட்டு அதனை ஏந்திக்கொள்வர். டோலக்கு முழங்கும், 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவிலிருந்து வந்த ஹார்மோனியமும் துணைசெய்யும். பாடகரின் கண் கேட்போர் முகத்தின்மீதே இருக்கும். எந்த அடியைக் கேட்டு எவர் உள்ளம் நெகிழ்கிறது என்று நோக்கி, அதற்கேற்ப அடுத்த அடியைத் தெரிவதே அவர் திறமை. எவரேனும் மெய்ம்மறந்து எழுந்துவிட்டால், அவர் தன்னிலை எய்தும் வரை அந்த ஓர் அடியையே மீண்டும் மீண்டும் பாடுதல் வேண்டும். இடையில் நிறுத்துவது அவர் உயிருக்கே தீங்காகும் என்பர். இம்மரபின் முன்னோருள் ஒருவரான குத்புத்தீன் பக்தியார் காக்கி, 1235இல் ஒரு பாரசீகச் செய்யுளைக் கேட்டுப் பல நாள் பரவச நிலையிலேயே இருந்து உயிர்நீத்தார் என்பது வரலாறு. சொல் ஒன்று ஆளைக் கொல்லவும் கூடும் என்று நம்பிய கூட்டத்தார் இவர்கள்!

இசை சமயத்துக்கு ஏற்றதா என்ற ஐயம் இஸ்லாமிய அறிஞரிடையே தொடக்கந்தொட்டே உண்டு. சுல்தான் கியாசுத்தீன் துக்ளக்கின் காலத்தில், மார்க்க அறிஞர் அவையொன்றின் முன் நிஜாமுத்தீன் அவுலியாவே இதற்கு விடைகூற நேர்ந்தது. அன்று வாதத்தாலே நடந்த பூசல் நம் காலத்தில் ஆயுதம் ஏந்தியது. 2016 யூன் 22ஆம் திகதி, புகழ்பெற்ற கவ்வாலிப் பாடகர் அம்ஜத் சாப்ரி கராச்சி வீதியிலே சுட்டுக்கொல்லப்பட்டார்.

கவ்வாலி பிற பண்பாட்டினரைச் சென்றடைந்தது இரு வழிகளால். முதல் வழி மொழி. பாரசீகத்திற் கவி பாடிய குஸ்ரு, மக்கள் பேசிய இந்தவி மொழியிலும் பாடினார். அவர் பெயரால் வழங்கும் பாடல்கள் பலவற்றில் ஆன்மா, தாய்வீடு பிரியும் மணமகளாகப் பேசுகிறது. ஆழ்வார் பாசுரங்களில் நாயகி பாவத்தை அறிந்த நமக்கு அக்குரல் அந்நியமாகாது. (சித்தாரைக் கண்டுபிடித்தவரும் குஸ்ருவே என்று சிலர் எழுதுவர், அது சான்றில்லாக் கூற்று. சித்தார் 18ஆம் நூற்றாண்டிலே உருவானது.) இந்துக்களின் வசந்த விழாவும் மஞ்சள் மலர்களோடு நிஜாமுத்தீன் தர்காவினுள் புகுந்து இன்றளவும் கொண்டாடப்படுகிறது. தமிழிலும் இவ்வகை நிகழ்ந்தது. குணங்குடி மஸ்தான் சாகிபு, தாயுமானவர் கையாண்ட கண்ணி யாப்பிலே சூபிக் கருத்தைப் பாடினார். சைவப் புலவரான சரவணப்பெருமாளையர் அவர்மீது நான்மணிமாலை இயற்றினார். இங்கெல்லாம் பாட்டு, கேட்போரின் மொழிக்கு இறங்கி வந்தது.

இரண்டாவது வழி கருவிகளின் வழி. திரைப்படம் கவ்வாலியைக் காதலர் போட்டிப் பாட்டாக்கிற்று. 1952இல் அகில இந்திய வானொலி திரைப்பாடல்களைக் குறைத்தபோது, அவற்றைத் தேடிய வடஇந்திய நேயர்கள் திருப்பியது நம் இலங்கை வானொலியின் பக்கமே. தக்க காலமும் தக்க இடமும் அப்போதே போயின. தோழரோ எங்கிருந்து கேட்கிறார் என்பதே பாடகருக்குத் தெரியாது. பின்னர் 1985இல் நுஸ்ரத் பத்தே அலிகான், இங்கிலாந்தின் எஸெக்ஸ் கரையோரத் தீவொன்றில் நடந்த உலக இசைவிழாவிற் பாடினார். சொல்லே விளங்காத மக்கள் அவர் குரலில் மயங்கினர். இதை இழப்பென்று முற்றாக ஒதுக்க எனக்கு மனமில்லை. ஸ்வரங்களை மட்டும் அடுக்கி அவர் பாடுகையில் மொழி தேவைப்படுவதில்லை. சொல்லுக்கு அப்பாற்பட்டதை நாடிய ஞானியர் அதனை மறுத்திருப்பார்களோ?

ஆயினும் அவர் எல்லையொன்றை விட்டுக்கொடுக்கவில்லை. 1990இல் வெளியான ‘மஸ்த் மஸ்த்’ இசைத்தட்டுக்காக, கனடா நாட்டு இசைஞர் மைக்கேல் புரூக், அவர் பாடிய ஒலிப்பதிவுகளை வெட்டியும் ஒட்டியும் அமைத்தார். தாளத்துக்கு இசைவாயிருந்த சில வெட்டுகள் பாடல் அடிகளை நடுவே துணித்துப் பொருளற்றனவாக்கிவிட்டன. மேலைநாட்டுச் செவி எதுவும் அக்குறையைக் கண்டிராது. நுஸ்ரத் அதற்கு இசையவில்லை. எந்தச் சொற்கள் வெட்டப்படலாகாது என்று கேட்டறிந்து, அந்த அடிகளை மீண்டும் முழுமையாக்கிய பின்னரே இசைத்தட்டு வெளிவந்தது.