சொந்தமா, அந்நியமா?

போன மாதம் எங்கள் வீட்டுப் பெண்ணை முதல் செக்கப்புக்கு அழைத்துப் போயிருந்தேன். இரண்டாம் மாதம். "சொந்தத்திலே கல்யாணமா?" என்று டாக்டரம்மா கேட்டார். "இல்லை டாக்டர், அந்நியம்தான்" என்றாள் பளிச்சென்று. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது! இவள் அப்பாவைப் பெற்ற பாட்டியும், மாப்பிள்ளையின் அம்மாவைப் பெற்ற பாட்டியும் கூடப் பிறந்த அக்கா தங்கை.

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. பாட்டிகள் போன பிறகு இதையெல்லாம் யார் சொல்லித் தருகிறார்கள்?

இங்கிலீஷில் எல்லாரும் 'கஸின்'. நமக்கு அப்படியில்லை. பெரியப்பா, சித்தப்பா, பெரியம்மா, சித்தி பிள்ளைகள் அண்ணன் தங்கை. கல்யாணப் பேச்சே கிடையாது. அத்தை பிள்ளையும் மாமா பிள்ளையும் முறைக்காரர்கள். 1871-லேயே லூயிஸ் ஹென்றி மார்கன் என்ற அமெரிக்கர், தமிழர் உறவுமுறையில் உள்ள இந்த வித்தியாசத்தை விளக்கி எழுதியிருக்கிறார்.

அடுத்த தலைமுறைக்கும் இதே கணக்குதான். அக்கா தங்கை பிள்ளைகளானதால் இவள் அப்பாவும் மாப்பிள்ளையின் அம்மாவும் அண்ணன் தங்கை முறை. ஆகவே மாமியார் அத்தை. அவர் பிள்ளை முறைமாப்பிள்ளை. இங்கிலீஷில் இவர்கள் 'செகண்ட் கஸின்', அதாவது கொள்ளுத்தாத்தா பொது. 'ஒன்ஸ் ரிமூவ்ட்' என்றால் ஒரு தலைமுறை தள்ளி. அப்பாவின் சித்தப்பா மகன் நமக்கு அப்படித்தான். நாம் அவரையும் சித்தப்பா என்றே கூப்பிட்டு விடுகிறோம். (எவ்வளவு சௌகரியம்!)

டாக்டருக்கு முறை முக்கியமில்லை, ரத்தம்தான். அத்தை மகனோ பெரியப்பா மகனோ, பரம்பரைக் கூறுகளில் சராசரியாக 8-ல் ஒரு பங்கு நமக்கும் அவருக்கும் பொது. தாய்மாமன் என்றால் 4-ல் ஒரு பங்கு. பாட்டிகள் சகோதரிகள் என்றால் 32-ல் ஒரு பங்குதான், பதற வேண்டாம். ஆனால் தலசீமியா போன்ற ரத்தக் கோளாறின் கூறை இருவருமே வெளியே தெரியாமல் சுமந்துகொண்டிருந்தால், ஒவ்வொரு பிரசவத்திலும் குழந்தைக்கு அந்த நோய் வர 4-ல் ஒரு வாய்ப்பு உண்டு. சொந்தத்தில் அப்படி இருவரும் சேர்வது சற்று அதிகம். தலசீமியா விஷயம் ரத்தப் பரிசோதனையிலேயே தெரிந்துவிடும். அதற்காகத்தான் கேட்கிறார்கள்.

ஒரு பழைய நோட்டுப் புத்தகம் போதும். இரண்டு பக்கத்துக் கொள்ளுத்தாத்தா வரை, கூடப் பிறந்தவர்களோடு எழுதுங்கள். சின்ன வயதில் தவறிய குழந்தைகளையும் விட்டுவிடாதீர்கள். வீட்டுப் பெரியவர்கள் அதைத்தான் சொல்லத் தயங்குவார்கள், பக்குவமாகக் கேளுங்கள்.

அன்று சாயங்காலமே பெரிய அத்தைக்குப் போன் போட்டோம். அந்தக் கொள்ளுத்தாத்தாவே அக்கா மகளைக் கட்டியவராம்! அதையும் பென்சிலால் குறித்துக்கொண்டு, மறுநாள் மாப்பிள்ளையையும் அழைத்துக்கொண்டு ரத்தம் கொடுக்கப் போனாள்.