நான்காவது ஆள் வந்த பிறகு

சத்தியமங்கலத்துக் கல்லூரி மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார்: "எட்டு கோர் போன் வாங்கினேன். பழைய நாலு கோர் போனைவிட இரண்டு மடங்கு வேகம் வர வேண்டாமா?" நானும் அதே ஊர்க்காரன். நம்மூர்க் கல்யாணச் சமையலை வைத்தே சொல்கிறேன். போனுக்குள் இருக்கும் கோர் ஒவ்வொன்றும் ஒரு சமையல் ஆள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த வேலை எந்தக் கோருக்கு என்று பங்கிடுவது ஷெட்யூலர். அதன் எளிய விதி: கை ஓய்ந்தவர், பட்டியலில் அடுத்துச் செய்யக்கூடிய வேலையை எடுத்துக்கொள்ள வேண்டும். நியாயமான விதிதான். ஆனால் 1966-ல் பெல் ஆய்வுக்கூடத்தின் ரொனால்ட் கிரஹாம் இதிலுள்ள ஒரு விபரீதத்தைக் காட்டினார். அவருடைய கணக்கைச் சமையல்கட்டில் பொருத்திப் பார்ப்போம்.

பட்டியல் வரிசை இது: ஒப்புட்டுக்குப் பூரணம் கிண்ட 30 நிமிடம், இலை துடைக்க 20, தண்ணீர் பிடிக்க 20, காய் நறுக்க 20. நறுக்கியபின் சாம்பார், பொரியல், கூட்டு, அவியல் தலா 40. கடைசியில் ஒப்புட்டு தட்டிச் சுட 90. பூரணம் ஆகாமல் அதைத் தொட முடியாது. ஒரு வேலைக்கு ஓர் ஆள், தொட்டால் முடித்துவிட்டுத்தான் எழ வேண்டும்.

மூன்று பேர் இருந்தால், பூரணம் இறங்கிய 30-ஆம் நிமிடம் காய் இன்னும் நறுக்கி முடிந்திருக்காது. செய்ய இருப்பது ஒப்புட்டு மட்டுமே, அதைத் தொடங்கிவிடுவார்கள். 120-ல் பந்தி போடலாம். நான்காவது ஆள் வந்தால், காய் 20-லேயே தயார். மூவர் சாம்பார், பொரியல், கூட்டைப் பிடித்துக்கொள்வார்கள். பூரணம் கிண்டியவர் எழும்போது பட்டியலில் முன்னால் நிற்பது அவியல். ஒப்புட்டுக் கல் காயவே 60 ஆகிவிடும். பந்தி 150-ல்!

ஒப்புட்டைப் பட்டியலின் தலைக்குக் கொண்டுபோனால் நால்வரும் 120-ல் முடித்துவிடுவார்கள். நூறு பேர் வந்தாலும் அதற்குக் கீழே குறையாது. பூரணமும் ஒப்புட்டும் ஒன்றன்பின் ஒன்றாகத்தானே நடக்க முடியும்.

போனிலும் இதே கதைதான். பல போன்களில் பாதிக் கோர்கள் மின்சிக்கனத்துக்கான சிறியவை என்பது வேறு. விளம்பரம் கோர் எண்ணிக்கையை மட்டும் கூவுகிறது. ஆப் எழுதுகிறவர்கள் பலர் தங்கள் நிரலில் ஒப்புட்டு எது என்று தேடுவதில்லை. வகுப்பிலோ யார் எப்போது எந்த வேலையைச் செய்கிறார் என்று காட்டும் படத்தை மதிப்பெண்ணுக்கு வரைந்துவிட்டு மறந்துவிடுகிறோம். அதனால் நல்ல போன்கள் குப்பைக்குப் போகின்றன. எனக்கு இது வயிற்றெரிச்சல்.

போனை மாற்றிவிடாதீர்கள், அம்மிணி. அந்த ஒன்பது வேலைகளையும் தாளில் கோடு கோடாக வரைந்து பாருங்கள். கால் மணி நேரம் போதும்.