கூட்டம் போட்டால் போதுமா, ஹெச்.எம்.?

தலைமையாசிரியர் மேசையில் இருக்கும் பதிவேடுகளிலேயே பொல்லாதது தீர்மானப் பதிவேடுதான். 'ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது' என்று முதல் நாளே எழுதி வைத்துவிட்டு, மறுநாள் டீயும் பிஸ்கட்டும் கொடுத்துக் கையெழுத்து வாங்கிவிடலாம். ஆய்வுக்கு வரும் அதிகாரியும் குறை சொல்ல மாட்டார். ஆனால் அப்படி எடுத்த முடிவை யாரும் தங்கள் முடிவாக நினைப்பதில்லை. அரசு உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் என்கிற முறையில் இதைச் சொல்கிறேன்.

சட்டம் என்னவோ தெளிவாகத்தான் இருக்கிறது. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம், அரசுப் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழுவைக் கட்டாயமாக்கியது. உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர். மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். 2022-ல் தமிழ்நாட்டில் இந்தக் குழுக்களைப் புதிதாக அமைத்தபோது 20 பேரில் 15 பேர் பெற்றோர். பள்ளி மேம்பாட்டுத் திட்டம் தயாரிப்பதும், வரும் மானியம் எப்படிச் செலவாகிறது என்று கண்காணிப்பதும் குழுவின் பொறுப்பு.

எங்கள் பள்ளியில் பத்தாம் வகுப்புக்கு மாலையில் சிறப்பு வகுப்பு வைப்பதாக ஆசிரியர்கள் பேசி வைத்திருந்தார்கள். அதைக் குழுவிலும் கேட்டேன். அதுவரை வாயே திறக்காத ஓர் அம்மா, "டீச்சர், அஞ்சே முக்கால் பஸ்ஸ விட்டா அடுத்தது எட்டு மணிக்குத்தான். பொம்பளப் புள்ளைங்க எப்படி வீடு வந்து சேரும்?" என்றார். கணக்கு ஆசிரியர் சற்று யோசித்து, "காலையில எட்டு மணிக்கே நான் வந்துடறேன் மேடம், முதல் பீரியட் மட்டும் எனக்குப் போடாதீங்க" என்றார். "அப்ப வெறும் வயித்தோடதானே வரும்?" என்று இன்னொரு அம்மா கேட்க, சுண்டலுக்குப் பெற்றோர் ஆசிரியர் கழகம் பொறுப்பேற்றது. பஸ் நேரம் எங்கள் ஸ்டாஃப் ரூமில் ஒருவருக்கும் தெரியாது. எல்லோரிடமும் பைக் இருந்தது.

எதற்கெடுத்தாலும் கூட்டம் போட வேண்டும் என்பதல்ல இதன் பொருள். விக்டர் வ்ரூம், பிலிப் யெட்டன் என்ற இரு அறிஞர்கள் 1973-லேயே இதற்கு ஒரு வழி வகுத்தார்கள். முடிவெடுக்கத் தேவையான விவரம் தலைவரிடமே இருக்கிறதா, தான் மட்டும் முடிவெடுத்தால் மற்றவர்கள் மனதார ஏற்பார்களா என்பன போன்ற கேள்விகளைக் கேட்டுக்கொண்டு, தனியாக முடிவெடுப்பதா, கலந்து பேசுவதா, குழுவிடமே விடுவதா என்று தலைவர் தேர்ந்துகொள்ளலாம். சிறப்பு வகுப்பு விஷயத்தில் விவரமும் ஒத்துழைப்பும் மற்றவர்கள் கையில்தான் இருந்தன. மாறாக, ஒரு குழந்தை பாலியல் தொல்லை பற்றிச் சொன்னால், அதைக் குழுவில் வைத்துப் பேச இடமே இல்லை. 2012-ஆம் ஆண்டுப் போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும்.

ஆகவே, அழைக்கும்போதே சொல்லிவிடுங்கள்: இது நீங்கள் முடிவெடுக்க, இது உங்கள் கருத்துக்கு, இது தகவலுக்கு மட்டும். ஏற்கெனவே முடிவான ஒன்றைக் கருத்துக் கேட்பதுபோல் கேட்டால் ஆசிரியர்கள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். கால அட்டவணை, விளையாட்டு விழாப் பொறுப்பு போன்றவற்றில் ஹெச்.எம். கடைசியாகப் பேசுவது நல்லது. முதலில் பேசிவிட்டால் புதிதாகச் சேர்ந்த ஆசிரியர் 'சரிங்க மேடம்' என்பதற்கு மேல் எதுவும் சொல்ல மாட்டார். பெற்றோர் கூட்டத்தின் நேரத்தைப் பெற்றோரிடமே கேளுங்கள். கூலி வேலைக்குப் போகும் அம்மாவுக்கு அரை நாள் கூட்டம் என்றால் அரை நாள் சம்பளம் போச்சு.

ஒவ்வொரு கூட்டத்திலும் முதல் பொருளாக, போன கூட்டத்தின் தீர்மானம் என்ன ஆனது என்பதை வையுங்கள். குழாய் போடுவதாகச் சொன்னோம். போடவில்லையென்றால் பணம் வரவில்லையா, ஆள் கிடைக்கவில்லையா என்று சொல்லிவிடுங்கள். தங்கள் பேச்சுக்குப் பதில் கிடைக்கிறது என்று தெரிந்தால், அடுத்த கூட்டத்துக்கு ஆளை வருந்தி அழைக்க வேண்டியிருக்காது.