பசுவை மட்டும் குறை சொல்லாதீர்கள்!

சினை ஊசி போட்ட 21-ம் நாள் பசு மறுபடியும் கத்த ஆரம்பித்தால், வீட்டில் எல்லோருடைய பார்வையும் அதன் மேல்தான் விழும். தாது உப்பு போதவில்லை, கருப்பையில் கோளாறு, பருவம் தப்பி ஊசி போட்டாயிற்று எனக் காரணங்கள் வரிசையாக வரும். அவை உண்மையாகவும் இருக்கலாம். ஆனால், அந்த விந்தைக் கொடுத்த காளையைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

உறைவிந்து நிலையங்களில் சோதனை நடக்காமல் இல்லை. மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனிலிருந்து விந்து அடைத்த ஒரு குச்சியை எடுத்து, 37 டிகிரி வெதுவெதுப்பான நீரில் அரை நிமிடம் வைத்து, ஒரு துளியை நுண்ணோக்கியில் பார்க்கிறார்கள். 0.25 மில்லி பிடிக்கும் குச்சியில் சுமார் 2 கோடி விந்தணுக்கள். அவற்றில் பாதியாவது முன்னோக்கி நீந்த வேண்டும். இதில் தேறிய காளைகளிலும் சில, சினை பிடிக்கவைப்பதில் பின்தங்குகின்றன. நீந்துவது வேறு, கருவை உண்டாக்குவது வேறு.

அந்த வேறுபாட்டுக்கான விடையை, மரபணுவின் செய்தியைச் சுமக்கும் விந்தணு ஆர்.என்.ஏ-வில் தேடுகிறார்கள் விஞ்ஞானிகள். விந்தணு முதிரும்போது டி.என்.ஏ இறுகச் சுருண்டுவிடுகிறது, புதிய ஆர்.என்.ஏ உருவாவது ஏறக்குறைய நின்றுபோகிறது. எஞ்சியிருப்பது வெறும் மிச்சம் என்றே நெடுங்காலம் நினைத்தார்கள். அந்த ஆர்.என்.ஏ கருமுட்டைக்குள்ளும் போய்ச் சேர்கிறது என்று மனித விந்தணுவை வைத்து 2004-ல் 'நேச்சர்' இதழில் வெளியான ஆய்வு காட்டியது. பெங்களூரில் உள்ள தேசியக் கால்நடை ஊட்டச்சத்து மற்றும் உடலியங்கியல் நிறுவனத்தின் ஆய்வாளர்கள், காளை விந்தணுவில் ஆயிரக்கணக்கான மரபணுக்களின் ஆர்.என்.ஏ இருப்பதை 2017-ல் பதிவு செய்தார்கள்.

காளையின் விதையில் ஒரு விந்தணு உருவாக ஏறக்குறைய 61 நாள்கள் ஆகும். விதை, உடலைவிட 4, 5 டிகிரி குளிர்ச்சியாக இருந்தாக வேண்டும். கோடை வெப்பத்தில் அந்த நாள்களில் ஏற்பட்ட பாதிப்பு, நன்றாக நீந்தும் விந்தணுவின் ஆர்.என்.ஏ-விலும் தடம் பதித்திருக்கலாம்.

இந்த ஆர்.என்.ஏ-வைச் சோதிப்பது எளிதல்ல. சாதாரண உடல் செல்லில் இருக்கும் ஆர்.என்.ஏ-வில் நூறில் ஒரு பங்குகூட விந்தணுவில் இருக்காது. மாதிரியில் சில வெள்ளணுக்கள் கலந்தாலே முடிவு பிசகிவிடும். ஆனாலும், இந்த முயற்சியை விட்டுவிடக் கூடாது. ஒரே காளையின் விந்து ஆயிரக்கணக்கான தொழுவங்களுக்குப் போகிறது. சினை தப்பும் ஒவ்வொரு முறையும் மூன்று வாரத் தீவனச் செலவு விவசாயி தலையில் விழுகிறது.

அடுத்த முறை ஊசி போடும்போது, குச்சியில் அச்சிட்டிருக்கும் காளை எண்ணைக் கேட்டுக் குறித்து வையுங்கள். எந்தக் காளைக்கு எத்தனை பசு சினையானது என்ற கணக்கு இருந்தால்தான், ஆய்வகம் சொல்லும் ஆர்.என்.ஏ முடிவு சரியா, தவறா என்று உரசிப் பார்க்க முடியும்.