படபடப்பு நின்னுடுச்சுன்னா மாத்திரையையும் நிறுத்தலாமா?

"இப்பல்லாம் படபடப்பே இல்ல... எதுக்கு தினமும் இத்தனை மாத்திரை?"

சீரற்ற இதயத் துடிப்புக்கு மருந்து சாப்பிடும் அப்பாவோ அம்மாவோ வீட்டில் இருந்தால், இந்த டயலாக்கை நீங்களும் கேட்டிருப்பீங்க. ஆனா, மாத்திரையை அவங்களா நிறுத்துறதுலதான் பெரிய ஆபத்தே இருக்கு.

ஏன்?

வயதானவர்களுக்குப் பரவலாக வருவது 'ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்'. இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் வெறுமனே நடுங்கும். அங்கே தேங்கும் ரத்தம் உறைந்து, அந்தக் கட்டி மூளைக்குப் போய் அடைத்தால் பக்கவாதம். இவர்களுக்கு அந்த வாய்ப்பு மற்றவர்களைவிட சுமார் 5 மடங்கு அதிகம். படபடப்பே தெரியாத நாள்லயும் இந்த ரிஸ்க் இருக்கு.

எந்த மாத்திரை எதுக்கு?

மெட்டோப்ரோலால் போன்ற பீட்டா பிளாக்கர்கள் துடிப்பின் வேகத்தைக் குறைக்கும். திடீர்னு நிறுத்தினா துடிப்பு எகிறும். டிகாக்சினும் வேகத்தைக் குறைப்பதுதான். ஆனா, அளவு கொஞ்சம் கூடினாலும் விஷமாகலாம். பசியின்மை, குமட்டல், பார்வை மஞ்சளாகத் தெரிவது ஆகியவை அதன் அறிகுறிகள். அமியோடரோன் துடிப்பைச் சீராக்கும். தைராய்டு, கல்லீரல், நுரையீரலைப் பாதிக்கலாம் என்பதால் டாக்டர் சொல்ற டெஸ்ட்களைத் தள்ளிப்போடக் கூடாது.

ரத்தம் உறையாமல் தடுக்க வார்ஃபரின் தருவார்கள். இதற்கு 'ஐ.என்.ஆர்' ரத்தப் பரிசோதனை அவசியம். பெரும்பாலும் 2 முதல் 3-க்குள் இருக்க வேண்டும். கீரையில் இருக்கும் வைட்டமின் கே இந்த மருந்தின் வேகத்தைக் குறைக்கும். அதுக்காகக் கீரையையே ஒதுக்க வேண்டாம். ஒரு வாரம் தினமும் முருங்கைக்கீரை, அடுத்த வாரம் சுத்தமா இல்லைன்னு இருக்காம, ஒரே அளவா சாப்பிட்டால் போதும்.

நீங்க செய்ய வேண்டியது...

* மணிக்கட்டில், கட்டைவிரலுக்குக் கீழே ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் வைத்து நாடித் துடிப்பை எண்ணுங்க. துடிப்பு சீரா இல்லாததால், 15 விநாடி எண்ணி நாலால் பெருக்கினால் தப்பாகும். முழுசா ஒரு நிமிஷம் எண்ணணும். 60-க்குக் கீழே இருந்தால், டிகாக்சினோ பீட்டா பிளாக்கரோ கொடுக்கும் முன்பு டாக்டருக்கு போன் பண்ணுங்க.

* நேத்து மறந்த மாத்திரைக்கு இன்னைக்கு ரெண்டாகக் கொடுக்காதீங்க. மொபைலில் அலாரம் வைங்க.

* மூட்டுவலிக்குன்னு மெடிக்கல் ஷாப்பில் நீங்களா வலி மாத்திரை வாங்கித் தராதீங்க. வார்ஃபரினோடு சேர்ந்தால் ரத்தக்கசிவு வரலாம்.

* மலம் கறுப்பாகப் போனாலோ, தலையில் அடிபட்டாலோ, வெளியே காயம் இல்லைன்னாலும் உடனே மருத்துவமனைக்குப் போங்க. மயக்கம், நெஞ்சுவலி, வாய் கோணுவது, பேச்சு குளறுவது, ஒரு கை தளர்வது... இதில் எது வந்தாலும் தாமதிக்காமல் 108.

மாத்திரை வேலை செய்றதாலதான் அப்பாவுக்குப் படபடப்பு இல்லாம இருக்கலாம். இன்னைக்கு அவர் பக்கத்துல உட்கார்ந்து இதைச் சொல்லுங்க. அப்படியே கையைப் பிடிச்சு ஒரு நிமிஷம் நாடியையும் எண்ணிடுங்க!