வலை இங்கே, வெளிச்சம் அங்கே

ஆம்ஸ்டர்டாமில் டிசம்பர் மாதத்துச் சூரியன் காலை எட்டே முக்காலுக்கு வந்து, மாலை நாலரைக்கெல்லாம் கடையைக் கட்டிவிடும். நடுவே இருக்கும் எட்டு மணி நேரம்கூட இல்லாத பகலிலும் பெரும்பாலும் மேகமூட்டம்தான். அந்த இருட்டை வைத்து என்ன செய்யலாம் என்று யோசித்த ஊர்க்காரர்கள் 2012இல் ஒரு விழாவைத் தொடங்கினார்கள். கால்வாய்க் கரைகளிலும் பாலங்களுக்கு அடியிலும் தண்ணீருக்கு மேலேயும் ஒளியால் ஆன கலைப்படைப்புகளை நிறுத்தி, மக்களைப் படகில் ஏற்றிச் சுற்றிக் காட்டுவதுதான் திட்டம். நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி நடுப்பகுதி வரை ஒவ்வோர் ஆண்டும் இது நடக்கிறது. 2018இல் அங்கு வைத்த ஒரு படைப்பின் படம் நம் வாட்ஸ்அப் குழுக்கள் வரை வந்தது. பெஞ்சில் மூன்று பொம்மை மனிதர்கள் குனிந்து செல்போன் பார்த்துக்கொண்டிருப்பார்கள். திரையின் வெளிச்சம் மட்டும் முகத்தில் விழும். காலி மே லூகாஸ் என்பவர் வடிவமைத்தது.

ஆனால் நமக்கு அதிகம் உறவான படைப்பு, முதல் ஆண்டு விழாவில் இருந்தது. ஆம்ஸ்டல் ஆற்றுக்கு மேலே, பெரிய வலை ஒன்றை அந்தரத்தில் கட்டி, அதன்மேல் வண்ண ஒளியைப் பாய்ச்சியிருந்தார் அமெரிக்கக் கலைஞர் ஜேனட் எக்கல்மன். படகுகள் அதன் கீழே ஊர்ந்து போயின. அந்த வலைக்கு விதை விழுந்தது நம்முடைய மாமல்லபுரத்தில்.

எக்கல்மன் அடிப்படையில் ஓவியர். 1997இல் ஃபுல்பிரைட் உதவித்தொகை பெற்று இந்தியா வந்தார். மாமல்லபுரத்தில் ஓவியக் கண்காட்சி வைப்பதாக ஏற்பாடு. அமெரிக்காவிலிருந்து அனுப்பிய வண்ணங்கள் வந்து சேரவில்லை. கண்காட்சிக்கான நாளோ நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த நாட்களில் மாலைதோறும் கடற்கரையில் நடந்துகொண்டிருந்தவர், மீனவர்கள் வலைகளைக் குவித்து வைப்பதைப் பார்த்தார். முன்பும் பார்த்ததுதான். அன்று வேறு விதமாகத் தெரிந்தது. பருமன் இருக்கிறது, உருவம் இருக்கிறது, எடை இல்லை. சிற்பம் என்றால் கல்லும் வெண்கலமும் என்று ஆகிப்போன ஊரில், கயிற்றையும் காற்றையும் வைத்துச் சிற்பம் செய்யலாமே என்று தோன்றியது. அந்த மீனவர்களையே கூட்டுச் சேர்த்துக்கொண்டு முதல் வலைச் சிற்பங்களைச் செய்து தூக்கிக் கட்டினார். பிறகு உலகின் பல நகரங்களின் வானத்தில் அவருடைய வலைகள் தொங்கின. இந்தக் கதையை அவரே மேடைகளில் சொல்லியிருக்கிறார்.

ஆம்ஸ்டர்டாமில் தொங்கிய வலைக்கு '1.26' என்று பெயர். 2010 பிப்ரவரியில் சிலி நாட்டில் ஏற்பட்ட நிலநடுக்கம் பூமியின் ஒரு நாளை 1.26 மைக்ரோ நொடி குறைத்தது என்று விஞ்ஞானிகள் கணக்கிட்டார்கள். பெயர் அங்கிருந்து வந்தது. அந்த நிலநடுக்கம் கிளப்பிய சுனாமி அலைகளின் தரவை வைத்தே வலையின் வடிவத்தை வரைந்தார்கள். மீனவர் வலையில் சுனாமியின் உருவம்! 2004 டிசம்பரைக் கண்ட நம் கரைக்கு இதற்கு விளக்கவுரை தேவையில்லை.

மாமல்லபுரத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே வந்தால், மரக்காணத்து உப்பளங்களைத் தாண்டி, புதுச்சேரிக்குச் சற்று முன்னால் பொம்மையார்பாளையம். விழுப்புரம் மாவட்டம், வானூர் வட்டம். மயிலம் முருகன் கோயிலை நிர்வகிக்கும் பொம்மபுர ஆதீனத்தின் பெயருக்குள் இருப்பது இந்த ஊர்தான். வெளியூர்க்காரர்களுக்கு இது ஆரோவில்லை ஒட்டிய கடற்கரை. விடுதிகளும் வார இறுதிக் கார்களும் உள்ள இடம். ஊர்க்காரர்களுக்கு, கடல் அரிப்பைத் தடுக்கத் தூண்டில் வளைவு கேட்டுப் போராடிய இடம். புதுச்சேரித் துறைமுகத்துக்காக 1980களில் கடலுக்குள் கல் கொட்டியதிலிருந்து, தெற்கிலிருந்து வரவேண்டிய மணல் அங்கேயே தங்கிவிடுகிறது. வடக்கே உள்ள குப்பங்களின் கரையைக் கடல் தின்றுகொண்டிருக்கிறது.

இங்கும் மாலையில் வலை குவிகிறது. நைலான் வலை, பச்சை, நீலம், சில இடங்களில் பழுப்பு. கட்டுமரம் போய் ஃபைபர் படகு வந்துவிட்டது. படகின் நிழலில் உட்கார்ந்து கால் பெருவிரலில் வலையை மாட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டு, கிழிசலை ஊசி நூலால் பின்னுகிறவர்கள் இருக்கிறார்கள். பத்து நிமிடம் பக்கத்தில் நின்று பார்த்தால் எக்கல்மனுக்கு என்ன தெரிந்திருக்கும் என்று நமக்கும் கொஞ்சம் புரியும்.

ஆம்ஸ்டர்டாம் வீடியோக்களைப் பார்த்த பலருக்கும் ஓர் ஆசை வருகிறது. இந்தக் கரையிலும் மார்கழி, தை மாதங்களில் ஒளிவிழா வைத்து, மாலைப் படகுச் சவாரி விட்டால் என்ன? முட்டுக்காட்டில் படகு ஓடுகிறது, சுண்ணாம்பாற்றில் ஓடுகிறது, ஆலம்பரைக் கோட்டை உப்பங்கழியிலும் மீனவர்கள் ஏற்றிச் செல்கிறார்கள். இங்கே மட்டும் என்ன குறை?

குறை ஒன்றும் இல்லை. இடம்தான் வேறு. ஆம்ஸ்டர்டாமில் 17ஆம் நூற்றாண்டில் வெட்டிய, அலையே இல்லாத கால்வாய்கள் இருக்கின்றன. இருபுறமும் வீட்டு முகப்புகள் இருக்கின்றன. அங்கே தண்ணீர் ஒரு தெரு. இங்கே படகில் ஏறியதும் முதல் வேலை கரையலையைத் தாண்டுவது. மார்கழியில் வாடை அடித்தால் பழகிய ஆட்களே கரையில் உட்கார்ந்துவிடுவார்கள். தவிர, நம்முடைய குளிர்காலத்தில் சூரியன் ஏறக்குறைய ஆறு மணி வரை இருக்கிறது. இருட்டுக்கு அஞ்சி விளக்கு ஏற்றவேண்டிய நிலையில் நாம் இல்லை.

தண்ணீரில் விளக்கு மிதக்கவேண்டும் என்றால் அதற்கு நம்மிடம் பழைய ஏற்பாடு இருக்கிறது: தெப்பம். மயிலாப்பூரில் தைப்பூசத்தையொட்டி மூன்று இரவுகள் தெப்பம் உண்டு. முதல் நாள் கபாலீசுவரர், அடுத்த இரண்டு நாளும் சிங்காரவேலர். டிரம்களை அடுக்கி, மேலே மரச்சட்டம் பரப்பி, மண்டபம் எழுப்பி, அதைச் சுற்றிச் சீரியல் செட் மாட்டிவிடுவார்கள். கலை விமர்சகர்கள் இதை ஒளிக்கலை என்று ஒப்புக்கொள்ளமாட்டார்கள். ஆனால் குளத்துப் படியில் உட்கார்ந்து பாருங்கள். தெப்பம் மெல்லத் திரும்பும்போது தண்ணீரில் தலைகீழாக இன்னொரு மண்டபம் அதே வேகத்தில் திரும்பும். நாகசுரச் சத்தம் தண்ணீரின் மேல் வழுக்கிக்கொண்டு வரும். ஒரே சோகம், இப்போது சுற்றுச்சுவர் முழுக்க மாட்டும் ஃபிளட் லைட். அந்த வெளிச்சத்தில் தெப்பத்தின் விளக்கு அழுது வடிகிறது.

மதுரை வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம் இன்னும் பெரிய மேடை. திருமலை நாயக்கர் வெட்டியது, ஏறக்குறைய 16 ஏக்கர், நடுவே மைய மண்டபம். தைப்பூசத்தன்று மீனாட்சியும் சுந்தரேசுவரரும் ஏறிய தெப்பத்தைக் கரையிலிருந்து வடம் பிடித்து இழுக்கிறார்கள். பகலில் இரண்டு சுற்று, இரவில் ஒரு சுற்று. இரவுச் சுற்றுக்குத்தான் கூட்டம். வைகையில் தண்ணீர் வராத ஆண்டுகளில் தெப்பம் நிலையாகவே நின்றதும் உண்டு. திருவாரூர்க் கமலாலயத்தில் மனிதர்களே ஏறிக்கொள்ளலாம். தெப்பத்தின் மேல் சாமியோடு பாட்டுக் கச்சேரியும் நூற்றுக்கணக்கான ஆட்களும் சேர்ந்து குளத்தைச் சுற்றி வருவார்கள். அது நடப்பது பங்குனி உத்திரத்துக்குப் பிறகு, வெயில் காலத்தில். மாலைப் படகுச் சவாரியும் ஒளியும் இசையும் சேர்ந்த நிகழ்ச்சி என்று உலகில் எங்கே தேடினாலும் இதற்கு ஈடாகச் சிலவற்றையே சொல்லமுடியும்.

கடலுக்கு நாம் வகுத்த முறை வேறு. மாசி மகத்தன்று மயிலம் முருகனும் தீவனூர் விநாயகரும் இன்னும் பல ஊர்ச் சாமிகளும் புதுச்சேரி வைத்திக்குப்பம் கடற்கரைக்கு வந்து தீர்த்தவாரி கண்டு திரும்புகிறார்கள். பகலில் வருகிறார்கள். குளத்துக்கு இரவு, கடலுக்குப் பகல் என்ற இந்தப் பிரிவினை எந்த ஆகமத்தில் இருக்கிறதோ, நடைமுறையில் நல்ல அறிவு.

ஏனென்றால் கடலில் விளக்கு வெறும் அலங்காரம் இல்லை. மீனை இழுக்கும் கருவி. விசைப்படகுகளில் சக்திவாய்ந்த எல்.இ.டி. விளக்குகளைக் கட்டி மீனைத் திரட்டிப் பிடிப்பதை மத்திய அரசு 2017இல் தடை செய்தது. சிறுதொழில் மீனவர்கள் கேட்டுக்கொண்டிருந்த தடை அது. இந்தக் கரையில் இரவுத் தொழிலுக்குப் போகிறவர்களோடு பேசினால் விளக்கைப் பற்றி அவர்களுக்கு ஒரு கறாரான கணக்கு இருப்பது தெரியும். "டார்ச்ச கண்ணுல அடிக்காதீங்க தம்பி. அடிச்சா அப்புறம் அஞ்சு நிமிசத்துக்கு எனக்குக் கடல் தெரியாது" என்று ஒரு பெரியவர் சொன்னார். தெற்கே புதுச்சேரிக் கலங்கரை விளக்கம் மட்டும் அவருக்குப் போதும். 1836இல் பழைய விளக்கம், 1979க்குப் பிறகு புதியது. ஒழுங்காக, இடைவெளி விட்டு, தனக்கென ஒரு கணக்கோடு அணைந்து எரியும் ஒளி. விடுதிகளின் விளக்கு வரிசை அவருக்கு எதையும் சொல்வதில்லை. கரை எங்கே என்பதைக் குழப்பத்தான் செய்கிறது.

இருட்டில் இருந்தால்தான் கடல் தன் வெளிச்சத்தைக் காட்டும். 2019 ஆகஸ்ட் 18 ஞாயிறு இரவு திருவான்மியூரிலும் கிழக்குக் கடற்கரைச் சாலையோரக் கரைகளிலும் அலைகள் நீலமாக ஒளிர்ந்தது நினைவிருக்கும். 2023 அக்டோபரில் மறுபடியும் வந்தது. நாக்டிலூகா சின்டிலன்ஸ் என்ற ஓருயிரணு உயிரியின் வேலை. ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு உருண்டையாக இருக்கும். அலை மோதினாலோ துடுப்புப் பட்டாலோ உள்ளே லூசிஃபெரின் என்ற பொருள் ஆக்சிஜனோடு சேர்ந்து ஒரு கணம் மின்னும். அதே அக்டோபரில் புதுச்சேரிக் கடல் பகலில் செந்நிறமாக மாறி ஊரே பயந்தது. பாசிப் பெருக்கம் என்றார்கள். நாக்டிலூகா பெருகினாலும் இப்படித்தான்: பகலில் சிவப்பு, இரவில் நீலம். அழகு என்று மட்டும் சொல்லி முடிக்க முடியாது. கழிவுநீரும் உரமும் கலந்த கடலில் அது மிகையாகப் பெருகும்போது ஆக்சிஜன் குறைந்து மீன்கள் சாகும். இருந்தாலும், கொச்சி அருகே கும்பளங்கியில் இந்த ஒளியைப் பார்க்கவே மக்கள் இரவில் வந்து நிற்கிறார்கள். அந்தமானின் ஹேவ்லாக் தீவில் அமாவாசையையொட்டிச் சிறு துடுப்புப் படகில் கூட்டிப்போகிறார்கள். அங்கே கூட்டிப்போகிறவர் முதலில் கேட்டுக்கொள்வது, போனை அணையுங்கள் என்பதுதான்.

இருட்டைக் கேட்கும் இன்னொரு ஜீவன் பங்குனி ஆமை. ஜனவரி முதல் மார்ச் வரை இரவில் கரையேறி மணலைத் தோண்டி நூறு முட்டை அளவில் இட்டு மூடிவிட்டுப் போகும். 45 முதல் 60 நாளில் குஞ்சுகள் வெளியே வரும். வந்ததும் எந்தப் பக்கம் அடிவானம் வெளிச்சமாக இருக்கிறதோ அந்தப் பக்கம் ஓடும். கோடிக்கணக்கான ஆண்டுகளாக அந்தப் பக்கம் கடல் இருந்தது. இப்போது பல இடங்களில் அந்தப் பக்கம் விடுதியின் நீச்சல் குளமும் நெடுஞ்சாலையும் இருக்கின்றன. காலையில் நாயும் காக்கையும் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். சென்னையில் மாணவர்கள் 1988 முதல் ஆமை நடை போகிறார்கள். பருவ காலத்தில் கடற்கரை உயர்கோபுர விளக்குகளை இரவில் அணைக்கும் வழக்கமும் அங்கே வந்திருக்கிறது. பொம்மையார்பாளையம் பக்கம் கடல் அரிப்பால் மணலே குறைந்துவிட்டது. மிச்சமிருக்கும் மணலிலாவது ஆமைக்கு இருட்டு வேண்டும்.

ஆகவே, ஆம்ஸ்டர்டாம் படகை இந்தக் கரைக்கு இறக்குமதி செய்யும் யோசனை எனக்கு ஒப்புதலில்லை. ஒளிக்கலை மேல் பகை ஒன்றும் இல்லை. குளத்தில் வையுங்கள். நம் ஊர்த் தெப்பங்களை வடிவமைக்க நல்ல ஓவியர்களையும் விளக்கு வல்லுநர்களையும் கூப்பிடுங்கள். ஃபிளட் லைட்டைக் கழற்றி எறியச் சொல்லுங்கள். மாமல்லபுரத்து வலையைப் பார்த்து ஓர் அமெரிக்கர் செய்ததை, பொம்மையார்பாளையத்து வலையைப் பார்த்து நம்முடைய ஒரு கலைக்கல்லூரி மாணவரால் செய்யமுடியாதா? வலை பின்னத் தெரிந்தவர்கள் ஊரிலேயே இருக்கிறார்கள், அவர்களுக்குக் கூலி கொடுத்துச் சேர்த்துக்கொண்டால் போதும்.

மாலை ஒளியைப் பார்க்கத்தான் வருகிறேன் என்கிறவர்களுக்கு மரக்காணம் இருக்கிறது. தை மாதத்தில் உப்பளப் பாத்திகளில் மழைத் தண்ணீர் முழுதும் வற்றியிருக்காது. சில இடங்களில் அடுத்த பருவத்துக்காகச் சேற்றை மிதித்து இறுக்கிக்கொண்டிருப்பார்கள். மேற்கே வெயில் சாயும்போது சாலையோரம் மூவாயிரம் ஏக்கருக்கு மேல் பரந்திருக்கும் பாத்திகள் ஒவ்வொன்றும் வேறு வேறு நிறம் பிடிக்கும். ஒட்டினாற்போலக் கழுவெளிச் சதுப்புநிலம். 2021இல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள், 2024இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. குளிர்காலத்தில் பூநாரைகள் வரும்.

விடுதி நடத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஜனவரி முதல் ஏப்ரல் வரை, இரவு பதினொன்று முதல் விடியற்காலை ஐந்து வரை, கடலைப் பார்த்த விளக்குகளை அணைத்துவிடுங்கள். பாதுகாப்புக்கு அவசியம் வேண்டுமென்றால் தாழ்வாக, மறைப்பு போட்டு, வெள்ளைக்குப் பதில் செம்மஞ்சள் விளக்கைப் பயன்படுத்துங்கள். அறை எடுத்துத் தங்குகிறவர்கள் கடல் பக்கத்துத் திரையை இழுத்து மூடினாலே பாதி வேலை முடிந்துவிடும். செலவு ஒன்றும் இல்லை, மின்கட்டணம் குறையும்.